ஹெராக்ளீஸா, ஹெர்க்குலிஸா? கிரேக்க வீரர் பெயர்களின் பொருளும் எழுத்துக்கூட்டலும்

மெய்ப்புநோக்கி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பண்டைய கிரேக்கத் தொன்மக் கதைகளை மறுபடி சொல்லும் ஒரு தமிழ்க் கையெழுத்துப் படியை இப்போது மெய்ப்புப் பார்த்து வருகிறேன். மூவர் தனித்தனியே எழுதிய இயல்களை ஒன்றாகச் சேர்த்திருப்பதால், ஒரே வீரன் முதல் இயலில் ஹெராக்ளீஸ் என்றும், மூன்றாம் இயலில் ஹெர்க்குலிஸ் என்றும், ஏழாம் இயலில் எரக்கிளிசு என்றும் வருகிறான். அக்கிலீஸ், அகில்லெஸ், ஆக்கிலிஸ் ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் இருப்பதையும் கண்டேன். இவற்றையெல்லாம் விட வேடிக்கை என்னவென்றால், ஒடிசியஸும் யுலிஸஸும் இரு வேறு மனிதர்கள் என்று எண்ணிய ஓர் எழுத்தாளர், "இந்த யுலிஸஸுக்குக் கதையில் வேலையே இல்லை, நீக்கிவிடலாமா?" என்று பக்க ஓரத்தில் குறித்திருக்கிறார்.

எனக்கு மூன்று ஐயங்கள் இருக்கின்றன. ஒரே பெயருக்கு இத்தனை வடிவங்கள் எப்படி வந்தன, அவற்றுள் எதை மூலம் என்று கொள்வது என்பது முதலாவது. பெயர்களின் பொருளை அடிக்குறிப்பாகத் தர வேண்டும் என்று பதிப்பாசிரியர் விரும்புகிறார். ஆனால் அக்கிலீஸ் என்பதற்கு ஓரிடத்தில் "உதடு இல்லாதவன்" என்றும் இன்னோரிடத்தில் "மக்களின் துயரம்" என்றும் பொருள் கிடைக்கிறது. ஹெராக்ளீஸ் என்றால் "ஹீராவின் புகழ்" என்கிறார்கள். தொட்டிலிலேயே பாம்புகளை ஏவி அவனைக் கொல்லப் பார்த்த தெய்வத்தின் புகழாக அவன் எப்படி ஆனான் என்று படிப்பவர் கேட்டால் என்ன விடை சொல்வது? பெர்சியஸ், தீசியஸ், ஒடிசியஸ் எனப் பல பெயர்கள் "யஸ்" என்றே முடிகின்றனவே, அந்த இறுதிக்குத் தனிப் பொருள் உண்டா என்பது மூன்றாவது. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பானையோடு எழுதியது:

நண்பரே, எழுத்துக்கூட்டலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பொருளைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஹெராக்ளீஸ், ஹெர்க்குலிஸ் இரண்டும் ஒரே பெயர்தான். ஒன்று நேராக வந்தது. மற்றது ஊர் சுற்றி வந்தது. கிரேக்கர் சொன்னது ஏறக்குறைய ஹேரக்ளேஸ். இத்தாலியின் நடுப்பகுதியில் வாழ்ந்த எத்துருஸ்கர் கிரேக்கக் கதைகளில் பெரும் ஈடுபாடு கொண்டவர்கள்; வெண்கலக் கண்ணாடிகளின் பின்புறத்தில் அக்கதைக் காட்சிகளைச் செதுக்கி, ஒவ்வோர் உருவத்தின் அருகிலும் பெயரைப் பொறித்து வைத்தார்கள். அவர்கள் சொல்லின் முதல் அசையை அழுத்தி ஒலித்ததால், அடுத்து வரும் அசைகளிலுள்ள உயிர்கள் தேய்ந்து மறைந்தன. அப்படித்தான் ஹேரக்ளேஸ் அவர்கள் வாயில் ஹெர்க்லே ஆயிற்று. அக்கிலீஸ் அக்லே ஆனான், மெனலாவோஸ் மென்லே ஆனான். இந்த ஹெர்க்லேயை ஒட்டிய வடிவத்திற்கு இடையில் ஓர் உகரம் சேர்த்து உரோமர்கள் ஹெர்க்குலேஸ் என்றார்கள். பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவும் இலத்தீனிலிருந்தே பெயரை எடுத்துக்கொண்டதால், அந்த வடிவமே நமக்கும் வந்து சேர்ந்தது.

எத்துருஸ்க மொழியில் ஒகரம் இல்லை. க, ட, த, ப ஆகியவற்றின் மெல்லொலிப்புக்கு, அதாவது "தங்கம்" என்பதில் வரும் ககரத்தின் ஒலிப்புக்கு, தனி ஒலியும் இல்லை. ஹெலனின் உடன்பிறந்தானாகிய பொலுதெவுகேஸ் அவர்களிடம் புல்துகே ஆனதற்கும், இலத்தீனில் பொல்லுக்ஸ் ஆகிச் சுருங்கியதற்கும் இடையிலுள்ள வழி இதனால் விளங்கும். வல்லினத்திற்கு ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு அயற்பெயர்களை எழுதும் நமக்கு இவர்களுடைய சங்கடம் புதிதன்று.

யுலிஸஸின் கதை வேறு. இங்கே உரோமர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. கிரேக்கத்திலேயே அந்தப் பெயர் டகரத்தோடும் லகரத்தோடும் இருவகையாக வழங்கியது. ஏதென்ஸ் நகரத்துக் குடங்களில் ஓவியர்கள் ஒலுத்தெவுஸ், ஒலுஸ்ஸெவுஸ் என்று லகரத்தோடுதான் எழுதினார்கள். இத்தாலியில் கியூசிக்கு அருகே 1844, 1845 ஆம் ஆண்டுகளில் கண்டெடுக்கப்பட்டு, இன்று பிளாரன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பிரான்சுவா கலயம் இதற்குச் சிறந்த சான்று. கிளெய்தியாஸ் தீட்டி, எர்கோதிமோஸ் வனைந்த அந்தக் கலயம் ஏறத்தாழ கி.மு. 570 ஐச் சேர்ந்தது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களும் சொற்களும் எழுதப்பட்டுள்ளன. அக்கிலீஸின் நண்பன் பத்ரோக்ளஸின் ஈமச் சடங்கில் நடக்கும் தேரோட்டத்தில் ஒடிசியஸ் அங்கே ஒலுத்தெவுஸ் என்ற பெயரோடுதான் தேரைச் செலுத்துகிறான். உரோமர்களின் உலிக்ஸேஸ் இந்த லகர வடிவத்தின் வாரிசு. ஹோமரின் காவியங்கள் டகர வடிவத்தைத் தாங்கி நின்றதால் பிற்காலக் கிரேக்கர்கள் அதையே ஏற்றுக்கொண்டார்கள். லகரம் மேற்கே சென்று பிழைத்துக்கொண்டது. ஆகவே உங்கள் எழுத்தாளரிடம் யுலிஸஸை நீக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லுங்கள்.

ஏஜாக்ஸ் என்று நாம் எழுதுவது கிரேக்கத்தில் அயாஸ். கொரிந்து நகரத்துப் பழைய குடங்களில் அது அய்வாஸ் என்று வகரத்தோடு இருக்கிறது. டிகம்மா என்ற எழுத்தால் எழுதிய அந்த வகர ஒலி ஏதென்ஸ் பக்கத்தில் வழக்கொழிந்தபோது பெயரிலிருந்தும் உதிர்ந்துவிட்டது. இலத்தீனில் அது அயாக்ஸ். இகரத்தையும் ஜகரத்தையும் வேறு எழுத்தாகப் பிரித்து எழுதும் வழக்கம் ஐரோப்பாவில் நிலைபெற்ற பின்னரே அயாக்ஸ் ஏஜாக்ஸ் ஆனான், யாசோன் ஜேசன் ஆனான். இலத்தீன் எழுத்தில் எழுதியதை ஆங்கில ஒலிப்பில் படித்ததால் நேர்ந்த மாற்றங்களும் பல: ஒய்திபூஸ் ஈடிபஸ் ஆனதும், அய்னெயாஸ் ஈனியஸ் ஆனதும், கிர்க்கே என்ற மாயக்காரி சர்சி ஆனதும் அந்த வழியில்தான். பண்டை இலத்தீனில் ககர ஒலிக்குரிய அந்த எழுத்து எங்கு வந்தாலும் ககரமாகவே ஒலித்தது. சகரமானது மிகப் பிந்திய பழக்கம்.

உங்கள் மூன்றாவது ஐயத்திற்குப் பாதி விடை: கிரேக்கத்தில் அந்த இறுதி "யஸ்" என்று இரண்டு அசையாக இல்லை, "எவுஸ்" என்பதை ஒரே மூச்சில், ஓரசையாகச் சொன்னார்கள். பெர்செவுஸ், தேசெவுஸ், ஒடுஸ்ஸெவுஸ். தெய்வங்களின் தலைவன் ஸெவுஸ் பெயரிலும் இதே கூட்டொலிதான் இருக்கிறது. என் கருத்தில், புதிதாக அச்சாகும் நூல் இந்த மூல ஒலிப்பையே பின்பற்ற வேண்டும்.


வேர்ச்சொல் எழுதியது:

பானையோடு சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. பொருளுக்கு வருவோம்.

இணையத்தில் உலவும் பெயர்ப்பொருள் பட்டியல்கள் குழப்புவதற்குக் காரணம், இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகளை அவை ஒரே வரியில் அடுக்கிவிடுகின்றன என்பதே. இந்தச் சொல் எங்கிருந்து பிறந்தது என்பது ஒரு கேள்வி. கதையைச் சொன்ன கிரேக்கர்கள் இந்தப் பெயரில் எதைக் கேட்டார்கள் என்பது மற்றொரு கேள்வி. முதலாவது மொழியியலாளருக்கு உரியது. இரண்டாவது கவிஞருக்கு உரியது. உங்கள் நூல் கதை நூல் என்பதால், இரண்டாவதுதான் அடிக்குறிப்பில் அதிகம் பயன்படும்.

சில பெயர்களில் இந்தச் சிக்கலே இல்லை. அவை இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டியவை. பிரித்தால் பொருள் கையில் கிடைக்கும். பத்ரோக்ளஸ் என்பதில் தந்தையும் புகழும் இருக்கின்றன. அதே இரண்டு சொற்களைத் திருப்பிப் போட்டால் கிளியோபாட்ரா. டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டின் ஒன்பதாம் காண்டத்தில், போரிட மறுத்துக் கூடாரத்தில் அமர்ந்திருக்கும் அக்கிலீஸுக்கு முதியவர் பீனிக்ஸ் மெலேயாகரின் கதையைச் சொல்கிறார். அவனும் அப்படி ஒதுங்கி இருந்தவன்தான், அவனை மீண்டும் போருக்கு எழுப்பிய மனைவியின் பெயர் கிளியோபாட்ரா. பின்னால் அக்கிலீஸின் உள்ளத்தை அசைக்கப்போகிறவன் பத்ரோக்ளஸ் என்பது தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர்த் திருப்பம் தற்செயலாகத் தோன்றாது.

வீரர்களின் பிள்ளைகளுடைய பெயர்களைக் கவனித்தால் மற்றொரு நயம் தெரியும். அவை பிள்ளையைவிடத் தந்தையைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. டெலிமாக்கஸ் என்றால் தொலைவில் போரிடுபவன். ஆனால் தொலைவில் போரிடச் சென்றவன் அவன் தந்தை ஒடிசியஸ். பெரிய கோபுரம் போன்ற கேடயத்தைச் சுமந்த ஏஜாக்ஸின் மகனுக்கு யூரிசாக்கஸ், அதாவது அகன்ற கேடயத்தான் என்று பெயர். ஹெக்டர் தன் மகனை ஸ்கமாந்திரியஸ் என்று ஆற்றின் பெயரால் அழைத்தான். ஊர் மக்களோ அவனை நகரத்தின் தலைவன் என்ற பொருளில் அஸ்தியானாக்ஸ் என்றார்கள். ஹெக்டர் ஒருவனே டிராயைக் காத்து நின்றான் என்பதே அதற்கு இலியட் சொல்லும் காரணம். ஹெக்டர் என்ற பெயருக்கே பற்றிக் காப்பவன், தாங்குபவன் என்று பொருள் கொள்ளலாம். தந்தை பெயரும் மகன் பெயரும் கிட்டத்தட்ட ஒரே பொருளுடையவை என்று பிளேட்டோவின் கிராத்திலஸ் உரையாடலில் சாக்ரட்டீஸ் விளையாட்டும் வினையுமாகச் சுட்டிக் காட்டுகிறார்.

சிக்கல் வருவது "எவுஸ்" என்று முடியும் பெயர்களில்தான். அந்த இறுதி கிரேக்கத்தில் தொழிலையும் பதவியையும் குறிக்கும் பழைய சொற்களிலும் உண்டு. அரசனைக் குறிக்கும் பாசிலெவுஸ், பூசாரியைக் குறிக்கும் ஹியெரெவுஸ் ஆகியவை அப்படிப்பட்டவை. ஆனால் அக்கிலீஸ், ஒடிசியஸ், தீசியஸ் போன்ற பெயர்களில் முன்பகுதி எந்தக் கிரேக்க வேரோடும் எளிதில் பொருந்துவதில்லை. கிரேக்கர் அந்த நிலத்திற்கு வருவதற்கு முன்பு வழங்கிய ஏதோ ஒரு மொழியின் எச்சங்கள் இவை என்று கருதும் அறிஞர்கள் பலர். ஒடிசியஸின் பெயரில் லகரமும் டகரமும் மாறி மாறி வருவதும் அந்தக் கருத்துக்குத் துணை செய்கிறது.

இவை பழமையான பெயர்கள் என்பதில் மட்டும் ஐயமில்லை. 1952 இல் மைக்கேல் வென்ட்ரிஸ் லீனியர் பி என்னும் பண்டைக் கிரேக்க எழுத்தைப் படித்தறிந்தபோது, பைலோஸ், நோசஸ் அரண்மனைகளின் களிமண் பலகைகளில் இந்தப் பெயர்கள் தென்பட்டன. ஹோமருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய கணக்கேடுகள் அவை. அது அசை எழுத்து. மெய்யைத் தனியே எழுத வழியில்லை, சொல்லிறுதி ஸகரம் விடுபடும், ரகரத்திற்கும் லகரத்திற்கும் ஒரே குறி. ஆகவே அக்கிலீஸ் "அ-கி-ரெ-உ" என்றும், தீசியஸ் "தே-சே-உ" என்றும், ஹெக்டர் "எ-கோ-தோ" என்றும் இருக்கிறார்கள். புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த எழுத்துமுறை உடனே பிடிபடும். இவர்கள் யாரும் காவிய வீரர்கள் அல்லர். அரண்மனைக் கணக்கில் இடம்பெற்ற சாதாரண மனிதர்கள். நோசஸ் பலகை ஒன்றில் அய்வா என்ற பெயர் ஓர் உழவுமாட்டுக்கு இருக்கிறது. ஏஜாக்ஸின் பெயர் மாட்டுக்கு வைக்கும் அளவுக்கு அன்று பழகிய பெயராக இருந்திருக்கிறது.

இனி, உங்கள் அக்கிலீஸ். உதடில்லாதவன் என்ற விளக்கம், அப்போலோதோரஸ் பெயரில் வழங்கும் பழைய தொன்மத் தொகுப்பில் இருக்கிறது. கெய்லோஸ் என்றால் உதடு, முன்னால் வரும் அகரம் இன்மையைக் குறிக்கும், குழந்தை முலையில் வாய் வைத்ததே இல்லை என்பது அதன் கதை. நம் நிகண்டு உரைகளில் காணும் சொற்பிரிப்பை நினைவூட்டும் இதை மொழியியலாளர் யாரும் ஏற்பதில்லை. துயரத்தைக் குறிக்கும் அகோஸ், படையாகத் திரண்ட மக்களைக் குறிக்கும் லாவோஸ் ஆகிய இரண்டும் சேர்ந்த பெயர் என்பது லெனார்ட் பாமர் முன்வைத்து, கிரெகொரி நாகி விரிவாக வளர்த்த கருத்து. அவன் சினத்தால் அவன் பக்கத்துப் படையே அழிவதுதான் இலியட்டின் கதை என்பதால் இது அழகாகப் பொருந்துகிறது. ஆனாலும் அழகாகப் பொருந்துவது வேறு, மெய்ப்பிக்கப்பட்டது வேறு. கிரேக்கத்திற்கு முந்திய பெயர் என்று சொல்வோர் இதை ஏற்கவில்லை.

ஒடிசியஸின் பெயருக்கு ஹோமரின் ஒடிசி காவியமே பிறப்புக் கதை சொல்கிறது. பத்தொன்பதாம் காண்டத்தில், குழந்தையை மடியில் வைத்துப் பெயரிடும் பாட்டன் அவுதோலிக்கஸ், "பலர்மேல் கறுவுகொண்டு வந்திருக்கிறேன், ஆகவே இவன் பெயர் ஒடிசியஸ் ஆகட்டும்" என்ற கருத்தில் பேசுகிறான். ஒடுஸ்ஸொமாய் என்ற வினைக்குக் கறுவுதல், சினங்கொள்ளுதல் என்று பொருள். அந்த வரியில் கறுவியவனா, பிறரால் கறுவப்பட்டவனா என்பது இருபொருள்பட நிற்கிறது. முதற்காண்டத்தில் அதீனா தன் தந்தையிடம், அவன்மேல் உமக்கு ஏன் இவ்வளவு சினம் என்று கேட்கும்போதும் அதே வினைதான் வருகிறது. மொழியியல் என்ன சொன்னாலும், அடிக்குறிப்பில் இந்தப் பொருளைத் தயங்காமல் தரலாம். பாடியவனே தந்த பொருள் இது.

சோகநாடகக் கவிஞர்களும் இதே வேலையைச் செய்தார்கள். வெட்கத்தால் உடைந்துபோன ஏஜாக்ஸ், சோஃபக்ளீஸின் நாடகத்தில், "அய்யய்" என்று அலறிவிட்டு, என் பெயர் என் துயரத்தோடு இப்படி ஒத்துப்போகும் என்று யார் நினைத்திருப்பார்கள் என்கிறான். கவிஞர் பிண்டாரோ அதே பெயரைக் கழுகைக் குறிக்கும் ஐயெதோஸ் என்பதிலிருந்து வருவித்து வாழ்த்தாக்குகிறார். ஈடிபஸ் என்பது வீங்கிய காலன் என்று வெளிப்படையாகப் பொருள்படும். ஆனால் அறிவேன் என்று பொருள்படும் ஒய்த என்ற சொல்லும் பெயரின் முன்பகுதியில் ஒலிப்பதால், எல்லாம் அறிந்தவனாகத் தன்னை எண்ணி, தன்னைப் பற்றி ஒன்றும் அறியாதவனின் பெயராகவும் அது கேட்கிறது.

ஹெராக்ளீஸுக்கு வருகிறேன். தெய்வப் பெயரோடு புகழைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்துப் பெயரிடுவது கிரேக்கரிடம் வழக்கம். ஸெவுஸின் புகழ் என்று பொருள்படும் தியோக்ளீஸ் இதே அச்சில் வார்த்த பெயர். ஆர்கோஸ் வட்டாரத்தின் பெருந்தெய்வம் ஹீரா. ஹெராக்ளீஸின் கதைகளும் அந்த வட்டாரத்தில் வேரூன்றியவை. ஆகவே பெயர் இயல்பானது. அதை விளக்க வேண்டிய கட்டாயம் பகைக் கதை வலுப்பெற்ற பிறகே வந்திருக்கும். முதலில் அவன் பெயர் அல்கெய்தேஸ் என்றும், டெல்ஃபி கோயிலில் குறி சொல்லும் பித்தியாதான் அவனை முதலில் ஹெராக்ளீஸ் என்று அழைத்தாள் என்றும் அப்போலோதோரஸ் தொகுப்பு சொல்கிறது. ஹீராவின் வாயிலாகப் புகழ் பெற்றவன் என்று வரலாற்றாசிரியர் தியொதோரஸ் விளக்குகிறார். அவள் தந்த துன்பங்களே அவனுடைய புகழுக்கு ஏணியாயின என்று ஒரு வரியில் எழுதினால், உங்கள் வாசகர் நிறைவடைவார்.


மெய்ப்புநோக்கி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மாட்டின் பெயரை அடிக்குறிப்பில் சேர்க்கப் பதிப்பாசிரியர் இசையமாட்டார் என்றாலும், நான் முயன்று பார்ப்பேன்.

இன்னும் இரண்டு சிக்கல்கள். பானையோடு ஐயா சொன்னபடி பெர்செவுஸ், ஒடுஸ்ஸெவுஸ் என்று மாற்றிப் பார்த்தேன். முதல் பக்கத்தைப் படித்த எழுத்தாளர் இது யார் என்று கேட்டுவிட்டார். மேலும் அகமெம்னானின் மனைவியை ஒருவர் கிளைடெம்னெஸ்ட்ரா என்றும், மற்றவர் னகரம் இல்லாமல் கிளைடெமெஸ்ட்ரா என்றும் எழுதியிருக்கிறார். இரண்டாவதை அச்சுப்பிழை என்று திருத்திவிடலாமா?


ஒற்றுப்புள்ளி எழுதியது:

திருத்துவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். அந்த னகரம் இல்லாத வடிவமே பழையது. குடங்களின் எழுத்துகளிலும் ஈஸ்கிலஸ் நாடகங்களின் சிறந்த கைப்படியிலும் அப்படித்தான் இருக்கிறது. னகரம் இல்லாவிட்டால் சூழ்ச்சிக்குப் பெயர்போனவள் என்ற பொருள் கிடைக்கும். சேர்ந்தால் மணம் நாடுதலைக் குறிக்கும் சொல்லோடு உறவு உண்டாகும். கணவனைக் குளியலறையில் வலைவீசிக் கொன்றவளுக்கு முதலாவதே பொருத்தம். ஆயினும் பழக்கத்தில் வேரூன்றிவிட்டது னகரம் உள்ள வடிவம். அதையே வைத்துக்கொண்டு, மற்றதை ஓர் அடிக்குறிப்பில் சொல்லலாம்.

"எவுஸ்" பற்றிப் பானையோடு அவர்களிடமிருந்து நான் வேறுபடுகிறேன். மூல ஒலிப்பு என்று எந்த ஊரின், எந்த நூற்றாண்டின் ஒலிப்பைச் சொல்கிறோம்? நாம் "உ" என்று எழுதும் உப்சிலோன் ஏதென்ஸில் உதட்டைக் குவித்துக்கொண்டு இகரம் சொல்வது போல ஒலித்தது. தமிழில் அதற்கு எழுத்தில்லை. அக்கிலீஸின் நடுவிலுள்ளது மூச்சோடு கூடிய ககரம், அதற்கும் எழுத்தில்லை. இன்றைய கிரேக்கர் ஹெராக்ளீஸை இராக்லீஸ் என்றும், தீசியஸை திசேயாஸ் என்றும் சொல்கிறார்கள். அவர்களும் கிரேக்கரே.

வடசொல்லை எழுதும்போது அயலெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்த எழுதலாம் என்று தொல்காப்பியம் வழி காட்டியது. கம்பன் இலட்சுமணனை இலக்குவன் என்றும் விபீடணனை வீடணன் என்றும் பாடியபோது யாருக்கும் ஆள் அடையாளம் தவறவில்லை. ஆனால் அந்தப் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக நாவில் உருண்டு உருப்பெற்றவை. எரக்கிளிசு என்பது மேசையில் அமர்ந்து செய்தது, அதனால்தான் உறுத்துகிறது.

தமிழுக்கு ஒரு தனி வசதி இருப்பதை மட்டும் நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கிரேக்கத்தில் குற்றெகரத்திற்கு எப்சிலோன், நெட்டெகரத்திற்கு ஏட்டா, குற்றொகரத்திற்கு ஓமிக்ரோன், நெட்டொகரத்திற்கு ஓமெகா என நான்கு தனி எழுத்துகள் உண்டு. இலத்தீன் எழுத்தில் இந்த வேறுபாடு மறைந்துவிடும்; தமிழில் எ, ஏ, ஒ, ஓ நான்கும் இருப்பதால் மறைய வேண்டியதில்லை. ஹெக்டோர், நெஸ்டோர், அகமெம்னோன் என்று எழுதுவது சரியானது மட்டுமன்று, படிக்கவும் எளிது. ஆங்கிலத்தைக் கேட்டு ஹெக்டர், அகமெம்னான் என்று எழுதும்போது அந்த ஓகாரம் வீணாகிறது.

ஜேசனைப் பொறுத்தவரை நமக்குப் புதிய வடிவம் தேட வேண்டிய தேவையே இல்லை. தமிழ் விவிலியத்தில், திருத்தூதர் பணிகள் பதினேழாம் இயலில், தெசலோனிக்கா நகரத்தவர் ஒருவர் யாசோன் என்ற பெயரோடு வருகிறார். வேறு ஆள், அதே பெயர். கிரேக்கத்தைப் பார்த்து மொழிபெயர்த்தவர்கள் குறிலும் நெடிலும் பிசகாமல் அன்றே எழுதிவிட்டார்கள். ஆற்றுப்படுத்துதல், நோய் தீர்த்தல் என்று பொருள்படும் வினையோடு இப்பெயரை இணைப்பர். மருத்துவம் அறிந்த கைரோனிடம் வளர்ந்தவனுக்கு அது தகும்.


பானையோடு எழுதியது:

ஒற்றுப்புள்ளி சொல்வதில் நியாயம் இருக்கிறது. "எவுஸ்" பற்றிய என் பிடிவாதத்தை விட்டுவிடுகிறேன். ஒடிசியஸ், பெர்சியஸ், தீசியஸ் என்றே இருக்கட்டும். அகமெம்னோனின் பெயரைக்கூட ஏதென்ஸ் ஓவியர்கள் சிலர் அகமெஸ்மோன் என்று எழுதினார்கள். ஒரே வடிவம் என்ற நம் ஆசை அவர்களுக்கு இருந்ததில்லை.

ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கிரேக்கக் கதையில் கிரேக்கப் பெயர், உரோமக் கதையில் உரோமப் பெயர். ஹெர்க்குலிஸை ஹீரா துன்புறுத்தினாள் என்று எழுதினால், பாதி ஒரு மொழியிலும் பாதி மற்றொரு மொழியிலும் நிற்கும். ஹெராக்ளீஸ் என்றால் ஹீரா. ஹெர்க்குலிஸ் என்றால் ஜூனோ. பெயரின் பொருளே ஹீராவின் பெயரில் தங்கியிருக்கும்போது, ஹெர்க்குலிஸ் என்று எழுதிவிட்டு அடிக்குறிப்பில் ஹீராவின் புகழ் என்று விளக்குவது படிப்பவரைத் திகைக்க வைக்கும். ஈனியஸ் இத்தாலிக்குப் போகும் கதை உங்கள் நூலில் இருந்தால், அங்கே மட்டும் இலத்தீன் பெயர்கள் வரலாம்.

அக்கிலீஸில் ஒற்று இரட்டிக்குமா, லகரம் இரட்டிக்குமா என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இலியட்டின் முதல் வரியில் ஹோமர் அந்தப் பெயரை ஒற்றை லகரத்தோடு பாடுகிறார். ஏழாம் வரியில் இரட்டை லகரத்தோடு பாடுகிறார். யாப்பு கேட்டதற்கேற்பச் சொல்லை விரிப்பதும் தொகுப்பதும் நம் இலக்கணத்தில் செய்யுள் விகாரம்தானே. ஒடிசியஸின் ஸகரத்தையும் அவர் இப்படியே ஒன்றாகவும் இரண்டாகவும் கையாண்டார்.


மெய்ப்புநோக்கி எழுதியது:

முடிவாக ஹெராக்ளீஸ், அக்கிலீஸ், ஒடிசியஸ், ஹெக்டோர், அகமெம்னோன், யாசோன் என்று எல்லா இயல்களிலும் மாற்றத் தொடங்கிவிட்டேன். ஏஜாக்ஸை மட்டும் அயாஸ் ஆக்கியிருக்கிறேன். அந்த "அய்யய்" என்ற அலறல் ஏஜாக்ஸில் கேட்கவில்லை. ஐந்தாம் இயலில் பாரிஸ் சில இடங்களில் அலெக்சாண்டர் என்று வருகிறான். அதுவும் மூவர் எழுதியதால் நேர்ந்த குழப்பம்தானா?


வேர்ச்சொல் எழுதியது:

இல்லை, அங்கே கை வைக்காதீர்கள். அவனுக்கு இரண்டு பெயர்களும் உண்டு; இலியட் இரண்டையும் கலந்தே வழங்குகிறது. அலெக்சாண்டர் என்பது மனிதர்களைக் காப்பவன் என்று பொருள்படும் தெளிவான கிரேக்கப் பெயர். பாரிஸ் கிரேக்கமாகத் தோன்றவில்லை. இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் பேரரசன் இரண்டாம் முவத்தல்லி, கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விலுசா என்ற நாட்டை ஆண்ட அலக்சந்து என்பவனோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டான். விலுசா என்பது, வகரம் உதிர்வதற்கு முன் விலியோஸ் என்றிருந்த இலியோஸ், அதாவது டிராய் என்பதே பெரும்பாலோர் முடிவு. அந்த அலக்சந்துதான் ஹெலனைக் கவர்ந்தவன் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் டிராயை ஆண்ட ஒருவனுக்கு இப்படி ஒரு பெயர் இருந்தது களிமண்ணில் பதிவாகியிருக்கிறது. அவன் முதலில் வரும் இடத்தில் "பாரிஸ் என்னும் அலெக்சாந்தர்" என்று எழுதுங்கள். அங்கே டகரம் வேண்டாம், தகரமே போதும்.